அண்ணன் துடைத்துக் கொடுத்த போன்

என் அண்ணனுக்குத் தொழில், போன்களுக்கு மதிப்பெண் போடுவது. பத்திரிகையில் வாரம் ஒரு பக்கம் எழுதுகிறான். அதோடு சொந்தமாக ஓர் இணையதளமும் நடத்துகிறான். புதிதாக ஒரு போன் கடைக்கு வந்தால், வாங்கலாமா வேண்டாமா என்று அவன் வாயைத் திறக்கும்வரை காத்திருக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது. நான் அவனைவிட இரண்டு வயது சின்னவள். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதலாம்தான். எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. அவனோடு நான் பேசி ஐந்து மாதம் ஆகிறது.

வீட்டில் அவனுக்கு 'ஏழரை' என்று பெயர். அண்ணி வைத்தது. கல்யாணமான புதிதில் அண்ணி முதன்முதலாகச் சமைத்துப் போட, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து, "பத்துக்கு ஏழரை" என்றானாம். மிச்சம் இரண்டரை எங்கே போயிற்று என்று அண்ணி கேட்டதற்கு, உப்புக்கு அரை, தாமதத்துக்கு ஒன்று, இனிமேல் முன்னேறுவதற்கு இடம் விட்டது ஒன்று என்று விளக்கமும் கொடுத்திருக்கிறான். "எனக்குப் பிடிச்ச ஏழரை இன்னும் விடலை" என்று அண்ணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அண்ணிக்கு மட்டும் 'அவர்' தானாகவே வந்துவிடுகிறது, பாருங்கள்.

அவன் வேலை செய்கிற அறை வீட்டின் பின்பக்கம் இருக்கிறது. மூன்று மேசைகள். ஒன்றில் அந்த வாரத்துப் போன்கள் வரிசையாகப் படுத்துக் கிடக்கும். இரண்டாவதில் கேமராவைச் சோதிக்க ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள் எப்போதும் ஒரு சிவப்புக் கோப்பை, ஒரு நூல்கண்டு, என் மகளின் பழைய பொம்மை. எந்தப் போனாக இருந்தாலும் இந்த மூன்றைத்தான் படம் பிடிக்க வேண்டும். மூன்றாவது மேசையில் கணினி. சுவரில் ஒரு காலண்டர்கூடக் கிடையாது. தூசி என்றால் அவனுக்கு ஆகாது. உள்ளே போகிறவர் செருப்பை மட்டுமல்ல, முடிந்தால் காலையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அவனை யாரும் விலைக்கு வாங்க முடியாது. இதை நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஒரு கம்பெனி தன்னுடைய போன் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரிலும் தாங்கும் என்று விளம்பரம் செய்தது. அண்ணன் வீட்டிலிருந்த டிரம்மில் தண்ணீர் பிடித்துப் போனை உள்ளே இறக்கினான். டிரம்மின் ஆழம் முக்கால் மீட்டர்தான். 'முக்கால் மீட்டர்வரை தாங்கியது. அதற்குக் கீழே என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாது' என்று எழுதினான். அந்த வரிக்காகவே அவனுக்குப் பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. நானும் அதை வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன்.

அவன் எழுத்தில் எனக்கும் ஒரு மூலை உண்டு. 'எங்கள் வீட்டுச் சாதாரணப் பயனர்' என்று ஒவ்வொரு போனைப் பற்றியும் கடைசியில் நாலு வரி வரும். அந்தப் பயனர் நான்தான். எட்டு வருஷமாக இதே முறை. சனிக்கிழமை வருவான். என் சிம்மைக் கழற்றிச் சோதனைப் போனில் போட்டுக் கொடுப்பான். என் சொந்தப் போனை எடுத்துப்போய் அவன் மேசை டிராயரில் வைத்துக்கொள்வான். ஒரு வாரம் கழித்து நான் குறை சொல்வேன், அவன் குறித்துக்கொள்வான், போன்கள் இடம் மாறும். "சாதாரணப் பயனர் என்ன சொன்னார்?" என்று வாசகர்கள் கேட்டு எழுதும் அளவுக்கு நான் பிரபலம்.

நிஜ வாழ்க்கையில் நான் மருந்து மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்றில் குளிர் அறைப் பொறுப்பாளர். பதினோரு வருஷம். வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மருந்துப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். அந்த அறை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை மீட்டரைப் பார்க்காமலேயே கன்னத்தில் உணர்ந்து சொல்லிவிடுவேன்.

எங்கள் மேலாளர் எல்லா உத்தரவையும் போனில்தான் போடுவார். எழுத்தில் ஒரு வரி வாங்க முடியாது. நல்லது நடந்தால் அவர் சொன்னது, கெட்டது நடந்தால் யார் சொன்னது என்றே தெரியாது. அப்படி மாட்டிக்கொண்டு வேலையை இழந்த இரண்டு பேரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதெல்லாம் நடப்பதற்கு ஆறு மாதம் முன்பே ஒரு காரியம் செய்தேன். என் போனில், வருகிற போகிற பேச்சையெல்லாம் தானாகவே பதிவு செய்து வைக்கும் வசதி ஒன்று இருந்தது. அதைப் போட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, அண்ணனிடமும்தான். கிடங்கில் சுவருக்கும் காது உண்டு, அண்ணனுக்கோ வாய் நீளம்.

ஒரு விடுமுறைக்கு மறுநாள் காலையில் குளிர் அறைக் கதவைத் திறந்தேன். கன்னத்தில் குளிர் படவில்லை. இயந்திரம் எப்போதோ நின்றுபோயிருந்தது. உள்ளே அறுபது பெட்டி இன்சுலின். உடனே மேலாளரைக் கூப்பிட்டேன்.

"சார், கூலிங் நின்னுபோயிருக்கு. இன்சுலின் பூரா சூடாயிருச்சு. இதை அனுப்பக் கூடாது."

"எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு நீ பாத்தியா? மெஷினை ஓட விடு. குளிர்ந்ததும் ஏத்தி அனுப்பு."

"திரும்பக் குளிர்ந்தாலும் அது கெட்ட மருந்துதான் சார்."

"நீ என்ன டாக்டரா? அனுப்பும்மா. எதுவானாலும் நான் பாத்துக்கறேன்."

அன்றைக்கு மூன்று முறை பேசினோம். மூன்றாவது முறை, "சாயங்காலத்துக்குள்ள வண்டி கிளம்பலேன்னா நாளையிலேருந்து உன் இடத்துல வேற ஆள்" என்றார். வண்டி கிளம்பியது. ஏற்றி அனுப்பியது நான்தான். அதில் என் பங்கை நான் எங்கேயும் மறைக்கவில்லை, இங்கேயும் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த மருந்தாளுநர் கெட்டிக்காரர். பெட்டியில் ஒட்டியிருக்கும் வெப்ப அட்டை நிறம் மாறியிருப்பதைப் பார்த்து அறுபதையும் ஓரங்கட்டிவிட்டார். ஒரு ஊசிகூட யார் உடம்பிலும் ஏறவில்லை. இன்றைக்கு நான் தூங்குகிறேன் என்றால் அந்த மனிதரால்தான்.

ஆனால் ஆஸ்பத்திரியின் புகார் எங்கள் தலைமை அலுவலகத்துக்கு வந்துசேர ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளுக்குள் ஒரு சனிக்கிழமை இருந்தது.

சனிக்கிழமை அண்ணன் வந்தபோது அவன் முகத்தில் மாப்பிள்ளைக் களை. கையில் ஒரு போன். நடுத்தர விலை. பின்பக்கம் கண்ணாடி இல்லை, சாதாரண பிளாஸ்டிக். பார்த்தால் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை.

"உள்ள பாரு" என்றான். திறந்தேன். கடிகாரம், கேமரா, பேசுவதற்கு ஒன்று, செய்திக்கு ஒன்று. அவ்வளவுதான். மீதித் திரை காலியாக இருந்தது.

"என்னண்ணா, ஒண்ணுமே இல்ல?"

"அதாம்மா அழகு! கம்பெனிக்காரன் கை வைக்கலை. சிஸ்டம் எப்படிப் பிறந்துச்சோ அப்படியே இருக்கு. உன் போனை எடுத்துக்கோ. நீ கேக்காமலே நாப்பது ஆப் போட்டு வச்சிருக்கான். வாடகைக்குப் போன வீட்டுல வீட்டுக்காரனோட பழைய கட்டிலும் பீரோவும் கிடந்தா உனக்கு எப்படி இருக்கும்? நீ வாடகையும் குடுத்துட்டு அவன் பீரோவையும் தூசி தட்டணும்."

நன்றாகத்தான் பேசுவான். கேட்டுக்கொண்டே இருக்கலாம். என் போனைக் கொடுத்துவிட்டு, காலியான அந்தப் போனை வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை புகார் வந்தது. மேலாளர் பத்துப் பேர் நிற்கிற கூடத்தில் என்னைக் கூப்பிட்டு, "யாரைக் கேட்டும்மா அனுப்பினே?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, அடக்கிக்கொண்டேன். வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஒரு அம்மா வரப்போகிறார் என்றார்கள். வேலை போனால் போனதுதான், கெட்ட மருந்தை அனுப்பியவள் என்று பெயர் வாங்கினால் வேறு எந்த மருந்துக் கிடங்கிலும் வாசலைக்கூட மிதிக்க முடியாது என்று கூட வேலை செய்கிறவர்கள் எனக்காகப் பதறினார்கள். நான் பதறவில்லை. மூன்று பேச்சும் முழுசாக அண்ணன் டிராயரில் பத்திரமாக இருக்கிறது. "விசாரணையில பேசிக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னேன். வியாழக்கிழமை எல்லோர் முன்னாலும் அந்தக் குரலைப் போட்டுக் காட்டும்போது இவர் முகம் போகிற போக்கை நினைத்து நாள் முழுக்க உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தேன். உண்மையைச் சொன்னால், பதினோரு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை.

வேலை முடிந்ததும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்து, "வா வா, என்ன இன்னைக்கே?" என்றார். பின்னறைக்குப் போய், "அண்ணா, என் போனைக் குடு" என்றேன்.

டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தான். மூலையில் ஒட்டியிருந்த அழுக்கெல்லாம் போய்ப் பளபளவென்று இருந்தது. திறந்தேன். எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. கடையில் வாங்கிய முதல் நாள் கேட்டதே, அதே கேள்வி.

"என்னண்ணா இது?"

"ரீசெட் பண்ணினேம்மா. நேத்து. ரெண்டு போனையும் ஒப்பிடணும்ல? அது புதுசு, உன்னுது ரெண்டு வருஷக் குப்பையோட இருந்தா ஒப்பீடு நியாயமா இருக்குமா? ரெண்டும் ஒரே கோட்டுல இருந்து ஓடணும். பயப்படாதே, உன் போட்டோ, நம்பர், மெசேஜ் எல்லாம் கம்ப்யூட்டர்ல எடுத்து வச்சிட்டேன். ஒண்ணுகூட விடலை."

"பேசினது?"

"எது பேசினது?"

"போன்ல பேசினதெல்லாம் ரெக்கார்ட் ஆகியிருந்துச்சேண்ணா. ஆறு மாசமா. அது எங்க?"

அவன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். "அதை நீ போட்டிருந்தியா?" என்றான். "நீ எங்கம்மா அதெல்லாம் போடப் போறேன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

நான் நடந்ததைச் சொன்னேன். அறுபது பெட்டி, மூன்று பேச்சு, வியாழக்கிழமை. அண்ணி வாசற்படியிலேயே நின்று கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் செய்த முதல் காரியம், அதைத் திரும்ப எடுக்க ஏன் முடியாது என்று எனக்கு விளக்கியதுதான். போனுக்குள் இருப்பதெல்லாம் பூட்டித்தான் இருக்குமாம். ரீசெட் செய்யும்போது பூட்டை உடைப்பதில்லையாம், சாவியை அழித்துவிடுமாம். உள்ளே துண்டு துண்டாகக் கிடந்தாலும் உலகத்தில் யாராலும் படிக்க முடியாதாம். அவ்வளவு தெளிவாக, அவ்வளவு பொறுமையாகச் சொன்னான். இந்த விஷயத்தை இதைவிட நன்றாக யாரும் சொல்லியிருக்க முடியாது. எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது.

"நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணா" என்றேன்.

"எட்டு வருஷத்துல நான் எப்பவாவது கேட்டிருக்கேனா?" என்றான். அது திமிரில் சொன்னது இல்லை. நிஜமாகவே அவனுக்கு அது பதிலாகத் தோன்றியது. அதுதான் இன்னும் வலிக்கிறது.

கிளம்பி வெளியே வந்தேன். தெருமுனைகூடத் தாண்டியிருக்க மாட்டேன், போன் அடித்தது. என் சிம் சோதனைப் போனில்தானே இருந்தது? அதில்தான் அடித்தது. பார்த்தால் மேலாளர். காலையில் நான் காட்டிய தைரியம் அவரை உறுத்தியிருக்க வேண்டும்.

"என்னம்மா, ரொம்பத்தான் துள்ளுறே? நீ எதையாவது நம்பிக்கிட்டு இருக்கியா? பாரு, அன்னைக்கு நான் சொன்னது வேற விஷயம்..."

சொல்லப்போகிறார், தன் வாயாலேயே சொல்லப்போகிறார். போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தேன். மூலையில் பதிவு செய்வதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன்.

'இந்த அழைப்பு இப்போது பதிவு செய்யப்படுகிறது' என்று ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பதுபோல, எங்கள் இரண்டு பேர் காதிலும் சொன்னது.

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அந்தப் பக்கம் மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதுவரை 'நீ' என்று பேசியவர் 'நீங்க'வுக்கு மாறினார்.

"நான் அன்னைக்கே தெளிவாச் சொன்னேனேம்மா, அந்தப் பெட்டிகளை அனுப்பாதீங்கன்னு. நீங்கதான் அவசரப்பட்டுட்டீங்க. எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. சரி, உடம்பைப் பாத்துக்கோங்க."

வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் எனக்குப் போன் செய்யவே இல்லை. செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் அண்ணனிடம் போனேன். கடையில் எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன், பழைய பதிவு திரும்பாது. மிச்சம் இருந்தது ஒரே வழி. ஊரே நம்புகிற ஆள் அவன். 'என் தங்கையின் போனில் மேலாளரின் பேச்சுகள் பதிவாகி இருந்தன, நான்தான் தவறுதலாக அழித்துவிட்டேன்' என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். அவன் சொன்னால் விசாரணைக்கு வருகிறவர் நின்று கேட்பார்.

"அழிச்சேன்னு எழுதறேன்" என்றான் உடனே. "அதுல எனக்கு ஒரு தயக்கமும் இல்ல. தப்பு என்னுது."

"இருந்துச்சுன்னும் எழுதணும்."

"அந்தப் பேச்சை நான் காதால கேக்கலையேம்மா."

"நான் கேட்டேனேண்ணா! ஒரு தடவையா, தினம் ராத்திரி சாப்பிட்டுட்டு ஒரு தடவை அதைப் போட்டுக் கேட்டேன்."

"உன்னை நான் நம்பறேன். அது வேற. நான் பாக்காத ஒண்ணை இருந்துச்சுன்னு எப்படி எழுதறது? நாளைக்கு யாராவது, நீ பாத்தியான்னு கேட்டா?"

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "ஒரு வார்த்தை எழுதினா உங்க கை தேஞ்சா போயிடும்? கூடப் பிறந்தவ வயித்துல அடிச்சுட்டு என்ன பெரிய நியாயம்?" என்றார். அவன் அண்ணியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த போன்களை நேராக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

நான் எழுதச் சொன்னது பொய் என்று எனக்கும் தெரியும். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லச் சொன்னேன். கேட்டேன்தான். ஏன் கேட்கக் கூடாது? இவனுக்குப் பெண் பார்த்தபோது, நிரந்தர வேலையில் இருக்கிறான் என்று அண்ணி வீட்டாரிடம் கூசாமல் சொன்னது யார்? அப்போது இவன் வேலையில்லாமல் ஒரு ரேடியோ கடை வாசலில் உட்கார்ந்திருந்தான். அப்பாவிடம், ஆசிரியரிடம், வீட்டுக்காரரிடம் இவனுக்காக நான் சொன்ன பொய்களை எண்ணக் கை விரல் போதாது, கால் விரலும் வேண்டும். அப்போதெல்லாம் இந்த நேர்மை எங்கே போய் உட்கார்ந்திருந்தது? நேர்மையும் பயமும் அவனிடம் ஒன்றாகவே இருந்தன என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அவன் வாசகர்கள் அவனைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற பயம். ஒரு தங்கையை இழக்கலாம், ஒரு வாசகரை இழக்கக் கூடாது.

புதன்கிழமை பத்திரிகையில் அவன் பக்கம் வந்தது. அந்தப் போனுக்கு எட்டரை. அவன் வாழ்க்கையிலேயே நடுத்தர விலைப் போன் ஒன்றுக்கு ஏழரைக்கு மேல் போட்டது அதுதான் முதல் முறை. வேண்டாத சுமை எதுவும் இல்லை, மூன்று வருஷம் புதுப்பிப்பு வரும் என்று உறுதி தந்திருக்கிறார்கள், பேட்டரி ஒன்றரை நாள் நிற்கிறது, எதிராளிக்குத் தெரியாமல் பேச்சைப் பதிவு செய்ய விடாத நேர்மையான போன் என்றெல்லாம் எழுதியிருந்தான். கடைசியில் வழக்கமான நாலு வரி, இந்தத் தடவை என்னைக் கேட்காமலே. 'பேச்சைத் தானாகவே பதிவு செய்யும் வசதி இதில் இல்லை. எங்கள் வீட்டுச் சாதாரணப் பயனர் அதைத் தேடவும் இல்லை.'

ஞாயிற்றுக்கிழமையே எழுதி அனுப்பிவிட்டேன், திரும்ப வாங்க முடியவில்லை என்று அண்ணியிடம் சொன்னானாம். இருக்கலாம்.

வியாழக்கிழமை விசாரணைக்கு அவனும் வந்தான். அவன் எழுதிக் கொடுத்திருந்த கடிதத்தில் கையெழுத்து அவனுடையதுதானா என்று நேரில் கேட்பார்களாம். சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். தலைமை அலுவலகத்து அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி எங்கள் மூவரையும் பார்த்தார். மேலாளர் பணிவே உருவாக உட்கார்ந்திருந்தார்.

நான் நடந்ததைச் சொன்னேன். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அனுப்பியது நான், அனுப்பச் சொன்னது இவர் என்றேன்.

"மேடம், அவங்க என் பேச்சை ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்காங்க" என்றார் மேலாளர். "தயவுசெஞ்சு அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்க."

போடத்தான் வேண்டியிருந்தது. போட்டேன். முதலில் அந்தப் பெண் குரல். பிறகு மேலாளர். 'அனுப்பாதீங்கன்னு நான் அன்னைக்கே தெளிவாச் சொன்னேனேம்மா' என்பது போல அவர் சொன்ன அத்தனையும் ஒரு கரகரப்பு இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்டது. பேச்சுத் தெளிவுக்கு அண்ணன் ஒன்பது போட்டிருந்தான், நியாயமான மதிப்பெண்தான்.

பிறகு அந்த அம்மா அண்ணனின் கடிதத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தார். 'ஞாயிற்றுக்கிழமையன்று என் தங்கையின் போனை, அவரிடம் கேட்காமல், நான் முழுமையாக ரீசெட் செய்தேன். அதற்கு முன் அதில் பேச்சுப் பதிவுகள் இருந்தனவா என்பதை நான் பார்க்கவில்லை. இருந்ததாக அவர் கூறுகிறார். அதை என்னால் உறுதி செய்யவும் இயலாது, மறுக்கவும் இயலாது.'

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"அதுல பதிவு எதுவும் இருந்ததை நீங்க பாக்கலை?"

"பாக்கலை மேடம்."

அவன் குரல் உடைந்திருந்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை. உடைந்த குரலில் சொன்னாலும் 'பார்க்கவில்லை' என்பது 'பார்க்கவில்லை'தான். அந்த அம்மா கடிதத்தை மடித்து, "ரொம்ப நேர்மையான கடிதம். இப்படி யாரும் எழுத மாட்டாங்க" என்று அவனைப் பாராட்டினார். என்னிடம், இன்றிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றும், உத்தரவு எழுத்தில் வீட்டுக்கு வரும் என்றும் சொன்னார். என் காரியத்தில் முதன்முதலாக எழுத்தில் வரப்போகிற ஒன்று அதுதான்.

குளிர் அறைக்குப் போய் என் ஸ்வெட்டரையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். கூட வேலை செய்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கும் வியாழக்கிழமை வரும்.

திரும்பி வந்தபோது அண்ணன் எனக்காக நடைபாதையில் நின்றுகொண்டிருந்தான். அந்த அம்மா என் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவனிடம் பேசிக்கொண்டிருந்தார். இவன் யார் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. முகமெல்லாம் சிரிப்பு.

"என் பொண்ணுக்கு ஒரு போன் வாங்கணும் சார். ரொம்ப விலை போக வேண்டாம். நீங்க இந்த வாரம் எழுதியிருந்தீங்களே, அது நல்லா இருக்குமா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். ஒரு வாசகர் கேட்டுவிட்டார், பதில் சொல்லாமல் இருக்க அவனால் முடியாது. பேட்டரியைச் சொன்னான், வெளிச்சம் குறைந்த இடத்தில் கேமரா கொஞ்சம் தடுமாறும் என்பதையும் சொன்னான், பெட்டியில் சார்ஜர் வராது, தனியாக வாங்க வேண்டும் என்றான். சொல்லச் சொல்ல அவன் குரல் சரியாகிக்கொண்டே வந்தது.

"வேற ஏதாவது குறை இருக்கா சார்? பின்னாடி கஷ்டப்படக் கூடாது பாருங்க."

நான் கையில் ஸ்வெட்டரோடு அவனுக்கு எதிரே நின்றிருந்தேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். எதைச் சொன்னாலும் யோசித்துத்தான் சொல்வான்.

"ஸ்பீக்கர் ஒண்ணுதான் இருக்கு மேடம்" என்றான். "மத்தபடி ஒரு குறையும் இல்ல. தாராளமா வாங்கலாம்."

அந்த அம்மா பேனாவை எடுத்து, போனின் பெயரை என் கோப்பின் மேலட்டையிலேயே குறித்துக்கொண்டார்.